நாற்பத்தொன்றை நூற்றுப் பதினான்காக்கிய கணக்கு

கடலுக்கடியில் சத்தம் போடாமல் இருப்பதற்கு விலை ஒரு டெசிபலுக்கு எழுபத்தொரு கோடி. அடித்துப் பேசினால் அறுபத்தெட்டுக்குப் படியும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடற்படைத் தலைமையகத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது என்ற அறையில் உட்கார்ந்து நானே தயாரித்த ஒப்பீட்டு அட்டவணையின் பதினான்காவது வரி அது. எங்கள் வீட்டில் ஆணி முதல் தண்டவாளத் துண்டு வரை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. நிசப்தத்தை மட்டும் யாரும் விற்று நான் பார்த்ததில்லை. விற்றிருந்தால் அம்மா மொத்த விலைக்கு வாங்கிக் கட்டிலடியில் அடுக்கியிருப்பாள். ஏழு பேர் ஒரே நேரத்தில் பேரம் பேசும் இரும்புக் கடைக்கு நேர் மேல்மாடியில் குடித்தனம் நடத்தியவள் அவள்.

கடையில் வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, கிரயக் கணிப்புப் பிரிவில் எனக்குத் 'தராசு' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். பதினெட்டு வருடத்தில் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் கடற்படையிடம் நான்கு டீசல் நீர்மூழ்கிகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் தளபதி, தன் கப்பலைவிட இரண்டு வயது இளையவர். நான்கையும் ஓரங்கட்டிவிட்டுப் புதியவை வாங்க வேண்டும். இருக்கிற பணத்துக்கு மூன்று அணு நீர்மூழ்கி வாங்கலாம், அல்லது எட்டு சாதாரண நீர்மூழ்கி வாங்கலாம்.

சாதாரண நீர்மூழ்கி பேட்டரியில் ஓடும்போது பூனை மாதிரி. ஆனால் சில நாளுக்கு ஒரு முறை மேலே வந்து, குழாயை நீட்டி, காற்றை இழுத்து, டீசல் என்ஜினை ஓட்டி பேட்டரியை ஏற்றியாக வேண்டும். மாட்டிக்கொள்வது அப்போதுதான். அணு நீர்மூழ்கிக்கு அந்த வேலை இல்லை. சாப்பாடு தீரும்வரை உள்ளேயே இருக்கலாம், வேகமும் அதிகம். ஆனால் உலையைக் குளிர வைக்கும் பம்புகள் சத்தத்தோடு ஓடிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அந்தப் பதினான்காவது வரி. கடையில் நின்றவளுக்கு இது புதிதில்லை. ஒருவர் உசத்தியான சாமான் ஒன்று கேட்பார். இன்னொருவர் போதுமான சாமான் நிறையக் கேட்பார். இரண்டு பேருமே காசு கொடுக்கிறவர்கள். இரண்டு பேரையுமே முறைக்கக் கூடாது.

திட்ட இயக்குநருக்கு அணுதான் வேண்டும். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். இருபத்தாறு வருடம் டீசல் புகையைச் சுவாசித்தவர். மேலே வந்து குழாய் நீட்டிய ஒரு காலை வேளையில், தலைக்கு மேல் எதிரி விமானம் வட்டமடிக்க, கால் மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "அந்தக் கால் மணி நேரத்தை எந்த வரியில போடுவீங்க, தராசு?" என்று என்னிடம் ஒரு முறை கேட்டிருக்கிறார். 

நிதித் துறைக்கு அணுவில் ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. உலையைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதுமா? முதல் கப்பல் ஓடவே நூற்றுப் பத்து பேர் வேண்டும். கப்பலுக்கு நாற்பது, அவர்கள் கரைக்கு வரும்போது மாற்றிவிடும் குழுவுக்கும் பயிற்சிப் பள்ளிக்கும் சேர்த்து முப்பத்தாறு, பழுதுபார்க்கும் தளத்துக்கு முப்பத்து நான்கு. ஆள் இருந்தால் அணு, இல்லாவிட்டால் டீசல். அட்டவணையில் அது இருபத்திரண்டாவது வரி. பணியாளர் பிரிவு மூன்று பட்டியல் அனுப்பியது. நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. கூட்டினால் நூற்றுப் பதினான்கு. தேவைக்கு மேல் நான்கு. நான் கூட்டினேன், பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன், அனுப்பிவிட்டேன். அது இரண்டு மாதம் முந்தைய கதை.

வாங்குவதை முடிவு செய்யும் குழு கூடுவதற்கு முந்தைய வாரம் இறுதிப் பிரதி தயாரானது. மூன்று பட்டியலையும் பின்னிணைப்பில் சேர்க்கும்போது பழுதுபார்க்கும் தளத்துப் பட்டியலில் கண் ஓடியது. பெயர் கிடையாது, எண்தான். பாதுகாப்பு ரகசியமாம். நடுவில் ஒரு எண்: 60927.

அந்த எண்ணை எனக்குத் தெரியும். என் தம்பியின் சம்பள எண். அவன் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் எழுதியவள் நான். ஒரே படிவத்தில் பதினோரு இடத்தில் அதை எழுத வைத்தார்கள். தம்பி தலைமை என்ஜின் மெக்கானிக். வெளிநாட்டில் பதினெட்டு மாதம் உலைப் பயிற்சி முடித்து வந்தவன். சரி, அவனைத் தளத்தில் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பினால், கப்பல் பட்டியலில் பதினேழாவதாக அவனுடைய படை எண் நிற்கிறது. அவன் பையில் வெள்ளை நூலால் தைத்திருக்கும் எண். அந்தப் பை மூன்று வருடம் என் பரணில்தான் கிடந்தது.

பள்ளிப் பட்டியலை எடுத்தேன். அதில் பயிற்சி எண் வரிசை. இரண்டாம் அணி, ஒன்பது. தம்பி இரண்டாம் அணிதான். ஒன்பதா என்று அவனிடமே கேட்டால் போயிற்று. 

பட்டியல்களைத் தயாரித்தவர் பணியாளர் பிரிவில் இருந்தார். எப்போதும் கக்கத்தில் ஒரு தடித்த கணக்குப் புத்தகம், அதனால் அவர் பெயர் 'பேரேடு'. நேராக அவரிடம் போனேன்.

"ஒரு ஆளுக்கு எத்தனை நம்பர் கொடுப்பீங்க?"

"படை எண் ஒண்ணு, சம்பள எண் ஒண்ணு, பயிற்சிக்குப் போனா பயிற்சி எண் ஒண்ணு," என்றார் பேரேடு. "ஏன், உங்களுக்கு ஒண்ணு வேணுமா?"

"இந்த மூணு பட்டியல்லயும் இருக்கிறது ஒரே ஆளுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "கப்பல்ல யாரெல்லாம் வேலை பார்க்கத் தகுதின்னு கேட்டாங்க, கொடுத்தேன். பள்ளியில யாரெல்லாம் பாடம் நடத்தத் தகுதின்னு கேட்டாங்க, கொடுத்தேன். தளத்துக்குக் கேட்டாங்க, கொடுத்தேன். மூணும் சுத்தமான பட்டியல். அதை எடுத்துக் கூட்டுங்கன்னு நான் எங்கயாவது எழுதியிருக்கேனா?"

"இல்லை."

"கூட்டினது யாரு?"

சுருக்கொப்பம் என்னுடையது. மாடி ஏறினேன்.

வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி கோபம். காரணம், இந்த வித்தை எனக்குத் தெரியாத வித்தை இல்லை. அப்பா சரக்கை அடகு வைத்து வங்கியில் கடன் வாங்கியிருந்தார். வருடத்துக்கு ஒரு முறை அதிகாரி வந்து மூன்று கிடங்கிலும் கம்பிச் சுருளை எண்ணுவார். முந்நூறு சுருள் இருக்க வேண்டும், இருந்தது நூற்றுச் சொச்சம். முதல் கிடங்கை எண்ணி முடித்ததும் அப்பா, "உட்காருங்க சார், டீ வருது" என்பார். டீ வந்து, ஆறி, குடித்து முடிப்பதற்குள் அதே சுருள்கள் பின் சந்து வழியாகக் கைவண்டியில் இரண்டாம் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு இன்னொரு டீ. அந்த டீயை எடுத்துப் போனவள் நான். எட்டு வயதில் மூன்று கிடங்கு மோசடியில் பங்கெடுத்தவள், நாற்பத்தெட்டு வயதில் மூன்று பட்டியலில் ஏமாந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பார்.

கடைசியில் அவரைப் பிடித்தது புதிதாக வந்த ஒரு சின்ன அதிகாரி. சட்டைப் பையில் சாக்பீஸ் கொண்டு வந்திருந்தார். எண்ணிய ஒவ்வொரு சுருளிலும் ஒரு கோடு. அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது.

நானும் கோடு போட ஆரம்பித்தேன். சம்பளப் பிரிவில் சம்பள எண்ணுக்கு எதிரே படை எண் இருக்கும். பள்ளிப் பதிவேட்டில் பயிற்சி எண்ணுக்கு எதிரே படை எண் இருக்கும். மூன்று நாள், இரண்டு அலுவலகம், ஒரு சண்டை. நூற்றுப் பதினான்கு எண்களும் நாற்பத்தொரு தலைகளில் போய் உட்கார்ந்தன. கூடுதலாக ஒரே ஒரு தலைகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். சமையலறைத் தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள்தான். அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கால்களிடம்தான் பேசினேன்.

"பயிற்சியில உன் நம்பர் இரண்டாம் அணி ஒன்பதா?"

"ஆமா. ஏன்க்கா?"

"நீ மூணு பேருடா."

"மூணு பேரா?" என்றாள் தம்பி மனைவி. "சம்பளம் ஒண்ணுதானே வருது?"

கால்கள் அசையவில்லை. பிறகு மெல்ல நகர்ந்து, இடுப்பு வந்தது, முகம் வந்தது. முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"தெரியுமா உனக்கு?"

"எல்லாருக்கும் தெரியும். சாப்பிடும்போது அதை வெச்சுத்தான் சிரிப்போம். இன்னைக்கு நீ கப்பலா, பள்ளியா, பட்டறையான்னு."

"ஏன்டா சொல்லலை?"

"சொன்னா கப்பல் வராது."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "எனக்கு நாற்பத்திமூணு. நாற்பத்தஞ்சு முடிஞ்சா கடலுக்கு விடமாட்டான். கையெழுத்தானா, புதுசு கட்டி முடியற வரைக்கும், அடுத்த வருஷக் கடைசியில முதல் கப்பல் குத்தகைக்கு வருது. ஒரு முழுப் பயணம் எனக்குக் கிடைக்கும். ஒண்ணே ஒண்ணு. பதினெட்டு மாசம் அந்தக் குளிர்ல, புரியாத பாஷையில, அதுக்காகத்தான் படிச்சேன்."

"மாத்திவிட ஆள் இல்லாம எப்படிடா ஓட்டுவீங்க? கப்பல்லேருந்து இறங்கினா நீதான் வாத்தியார். வாத்தியார் வேலை முடிஞ்சா நீதான் பட்டறை. தூங்கறது யாரு? நாலாவதா ஒருத்தன் வருவானா?"

"பண்ணுவோம்."

"எத்தனை நாளைக்கு?"

"பண்ணுவோம்னு சொல்றேன்ல."

தம்பி மனைவி ஸ்பானரைத் தரையில் வைத்தாள். "போன தடவை அம்பத்தோரு நாள் கழிச்சு வந்தாரேக்கா. வாசல்ல உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழட்டினார். இன்னொண்ணைக் கழட்டறதுக்குள்ள தூங்கிட்டார். மறுநாள் காலையில நான்தான் கழட்டினேன்." பிறகு அவனைப் பார்த்து, "அது டீசல் கப்பல். நீங்க தூங்கினா என்ஜின் நிக்கும். இது என்ன பண்ணும்?" என்றாள்.

அவன் என்னைத்தான் பார்த்தான். "கடையில நமக்குன்னு ஒரு சாமானை ஆசையா எடுத்து வெச்சுட்டா, அதுக்கு மட்டும் விலை பேசவிடமாட்டார் அப்பா. ஞாபகம் இருக்கா? எனக்கு இது வேணும்க்கா. விலை கேக்காதே."

"விலை கேக்காம நான் எதையும் வாங்கினதில்லைடா," என்றேன்.

"வாங்கறது நீ இல்லை. கையெழுத்துதான் உன்னுது."

"அதைத்தான் சொல்றேன்."

அவன் மறுபடி தொட்டிக்கு அடியில் போய்விட்டான். நான் எழுந்து செருப்பைப் போடும்வரை ஸ்பானர் சத்தம் மட்டும் கேட்டது, தேவைக்கு அதிகமாகவே.

மறுநாள் காலை இயக்குநரிடம் என் தாளை வைத்தேன். நாற்பத்தொரு வரி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று எண்கள். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மணியை அடித்து, "இரண்டு டீ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

"கப்பல் வர்றதுக்குள்ள மீதி ஆளைத் தயார் பண்ணிடலாம், தராசு. எந்தக் கடற்படையிலதான் முதல் நாளே எல்லாம் சரியா இருந்தது? அறையைக் காலியா வெச்சா ஆள் வராது. கட்டிலைப் போட்டாத்தான் தூங்க ஆள் வரும்."

"அப்படின்னா அதையே எழுதலாம் சார். கையில நாற்பத்தொண்ணு, மீதி வரும்னு."

"எழுதினா நிதித் துறை அன்னைக்கே மூட்டை கட்டிடும். இந்த வாய்ப்பு இன்னொரு முறை வராது." டீ வந்தது. என் பக்கம் நகர்த்தினார். "வரைவுல உங்க சுருக்கொப்பம் இருக்கு. இணை இயக்குநர் பதவிக்கு உங்க பேர்தான் மேல போயிருக்கு. இரண்டு மாசம் கழிச்சு வந்து கூட்டினது தப்புன்னு நீங்களே சொன்னா, உங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"கூட்டத் தெரியலைன்னு நினைப்பாங்க."

"பரவாயில்லையா?"

"தெரியலைங்கிறதை விட, தெரிஞ்சே கூட்டினாள்னு நினைக்கிறது மோசம் சார்."

அவர் குரல் மாறவில்லை, மரியாதை குறையவில்லை. "வியாழக்கிழமை குழு கூடுது. இறுதிப் பிரதியில கையெழுத்தோட வாங்க. இல்லைன்னா வராதீங்க. உங்க துணை அதிகாரி போடுவார்."

டீயைக் குடிக்காமல் எழுந்தேன். பதினெட்டு வருடத்தில் அந்த அறையில் நான் வீணாக்கிய முதல் டீ அது.

வியாழக்கிழமை போனேன். கையெழுத்தோடுதான் போனேன். அட்டவணையில் கையெழுத்து, இருபத்திரண்டாவது வரியில் சிவப்பு மையில் நூற்றுப் பதினான்கை அடித்து நாற்பத்தொன்று, அடித்ததற்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து, பின்னால் குத்தியிருந்தது என் தாள். கையெழுத்து வேண்டும் என்றார், இரண்டாகவே கொடுத்தேன்.

நீள மேஜை, பதினொரு பேர், எல்லோர் முன்னாலும் மூடி போட்ட தண்ணீர். தலைமையில் நிதிச் செயலாளர். ஒல்லியான பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார், நன்றாகவே பேசினார். அந்தக் கால் மணி நேரக் கதையையும் சொன்னார். கேட்ட எனக்கே அணு நீர்மூழ்கி ஒன்று வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. முடிவில் அட்டவணை ஒவ்வொரு கையாகச் சுற்றித் தலைமைக்குப் போனது.

"இது என்ன சிவப்பு?" என்றார் நிதிச் செயலாளர். "இந்தக் கணக்கை யார் போட்டது?"

நான் எழுந்தேன். "நான்தாங்க. தப்பாப் போட்டதும் நான், அடிச்சதும் நான்."

இயக்குநர் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குவளையின் மூடியை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"விளக்குங்க."

விளக்கினேன். ஒரு ஆளுக்கு மூன்று எண், மூன்று பட்டியல், ஒரு கூட்டல். "பட்டியல் ஒவ்வொண்ணும் சரி. கூட்டினதுதான் தப்பு. நாற்பத்தொரு பேர் இருக்காங்க. நல்ல ஆளுங்க. ஆனா அவங்களால மூணு நாற்காலியில ஒரே சமயத்துல உட்கார முடியாது."

மேஜையின் மறுகோடியிலிருந்து ஒரு தளபதி சொன்னார்: "இந்தம்மாவோட சொந்தத் தம்பி அந்தப் பட்டியல்ல இருக்கார். குழுவுக்கு அது தெரியணும்." அவருக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. மூடியைச் சரிசெய்துகொண்டிருந்த இயக்குநரின் கை நின்றதே போதும்.

"உண்மையா?" என்றார் நிதிச் செயலாளர்.

"உண்மைங்க. பதினேழாவது வரி. அவனுக்கு இந்தக் கப்பல் வேணும். வேற எதுவும் வேண்டாம். நூற்றுப் பதினாலுன்னு விட்டிருந்தா இன்னைக்கு சாயங்காலம் என் வீட்டுக்கு ஸ்வீட்டோட வந்திருப்பான். நான் சொந்தத்துக்காகக் கணக்கை மாத்தறவளா இருந்தா, மாத்தாம விட்டிருப்பேன்."

யாரோ சிரித்து, பிறகு அதை இருமலாக்கினார்.

"அப்ப எட்டு டீசலா? அதுதான் உங்க சிபாரிசா?"

"சிபாரிசு என் வேலை இல்லைங்க. எது நல்ல கப்பல்னு எனக்குத் தெரியாது, இயக்குநருக்குத்தான் தெரியும், அவர் சொன்னதுல ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நான் சொல்றது ஒண்ணுதான். இருக்கிற ஆளுக்கு ஏத்த சாமானை வாங்குங்க. இல்லைன்னா சாமானுக்கு ஏத்த ஆளைச் சேர்த்துட்டு வாங்குங்க. ஆளைப் பேப்பர்ல சேர்க்காதீங்க. பேப்பர்ல இருக்கிறவன் உலைப் பக்கத்துல கண் விழிச்சு உட்காரமாட்டான்."

நிதிச் செயலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பத்தொரு வரியையும் படித்தார். நிஜமாகவே படித்தார், விரலை வைத்து. அந்த அறையில் நான் பார்த்தவரை எந்தத் தாளும் அந்த மரியாதையைப் பெற்றதில்லை.

தீர்மானம் அன்றே எழுதப்பட்டது. சாதாரண நீர்மூழ்கிகள் ஐந்து, உடனே. மீதிப் பணம் ஒதுக்கி வைக்கப்படும். உலைப் பயிற்சி பெற்றவர்கள் நூற்றுப் பத்து பேர், தலை எண்ணிக்கையில், என்றைக்குச் சேர்கிறார்களோ அன்றைக்கு அணு நீர்மூழ்கி பற்றி மறுபடி பேசலாம். அதுவரை நாற்பத்தொருவரும் பயிற்சிப் பள்ளியில்.

வெளியே தாழ்வாரத்தில் இயக்குநர் என்னைக் கடந்து போனார். நின்று, "நீங்க சொன்னது சரி," என்றார். "ஆனா உங்களை நான் மன்னிக்கமாட்டேன்."  மனிதர் இரண்டையும் மனதாரச் சொன்னார்.

அந்தச் சாயங்காலம் தம்பி மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். "கேள்விப்பட்டார் அக்கா. சாப்பிடலை. என்கிட்டேயும் பேசலை." பிறகு, "எனக்கு அழுகையா வருது, ஆனா எதுக்குன்னு தெரியலை. நிம்மதிக்கும் அழுகை வருமாக்கா?" என்றாள்.

இணை இயக்குநர் பதவி என் துணை அதிகாரிக்குப் போனது. எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது, துறைமுகத்தின் கடைக்கோடியில் சீருடைக் கிடங்கு. தண்டனை என்று நினைத்து அனுப்பினார்கள். அவர்களுக்குத் தெரியாது, கிடங்கு வாசனை எனக்குத் தாய்வீட்டு வாசனை. முதல் மாதமே எண்ணிப் பார்த்தேன். வலது கால் பூட்ஸைவிட இடது கால் பூட்ஸ் முந்நூற்றுப் பன்னிரண்டு அதிகம் இருந்தது. எப்படி என்று மேலே எழுதிக் கேட்டேன். இது தேவையற்ற கேள்வி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு ஒரு லாரி வலது பூட்ஸ் வந்து இறங்கியது. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர்களும் என்னை எங்கே இதற்கும் கீழே அனுப்புவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

தம்பி என்னோடு பேசவில்லை. விசேஷங்களில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம், உப்பு வேண்டும் என்றால்கூட மனைவியிடம் கேட்டான். இருபத்திரண்டு மாதம் அப்படி ஓடியது. அவன் பள்ளியில் தலைமைப் பயிற்றுநர் ஆகிவிட்டான் என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்குக் கிடங்குக் கவுண்ட்டரில் ஒரு கோரிக்கைச் சீட்டு வந்து விழுந்தது. நிமிர்ந்தால் தம்பி. கன்னத்தோரம் நரைத்திருந்தது.

"உலைப் பிரிவு வேலை உடுப்பு, பத்தொன்பது செட். மேடம்."

மேடமாம். "ஆளைக் கூட்டிட்டு வாங்க சார்," என்றேன்.

"சீட்டுல எண்ணிக்கை இருக்கு. கையெழுத்தும் இருக்கு."

"சீட்டு உடுப்பைப் போட்டுக்காது. ஆள்தான் போட்டுக்கும்."

அவன் என்னை ஒரு நிமிடம் முறைத்தான். பிறகு திரும்பி, வாசலைப் பார்த்து, "உள்ள வாங்கடா" என்றான். வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரையும் கையோடு கூட்டி வந்திருக்கிறான்.

"நீ கேப்பேன்னு தெரியும்," என்றான்.

முதல் அணி. இங்கேயே, அவன் கையில் படித்துத் தேறியவர்கள். பெண்கள் நால்வர். ஒவ்வொருவரும் கவுண்ட்டருக்கு வந்து எண்ணைச் சொல்ல, நான் அளவு பார்த்து எடுத்துக் கொடுத்தேன். ஏழாவதாக வந்தவளிடம், "இது படை எண்ணா, சம்பள எண்ணா, பயிற்சி எண்ணா?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். "ஒரே நம்பர்தாங்க எங்களுக்கு. எல்லாத்துக்கும் இதுதான்."

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பள்ளிக்குப் போனதும் பண்ணின முதல் வேலை அது," என்றான், கூரையிடம்.

பத்தொன்பது பேர், பத்தொன்பது செட், பத்தொன்பது கையெழுத்து. பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு வெளியே போனார்கள். அவன் நின்றான்.

"நீ பண்ணினது சரின்னு நான் இன்னும் சொல்லலை."

"நானும் கேக்கலையேடா."

"கடலுக்குப் போற வயசு எனக்கு வர்ற பதினெட்டாம் தேதியோட முடியுது."

"தெரியும்."

"ஒரு தடவை, அக்கா. ஒரே ஒரு தடவை உள்ள போய்ப் பார்த்திருப்பேன்."

"தெரியும்டா," என்றேன். "என்கிட்ட அதுக்குக் கொடுக்க எதுவும் இல்லை."

அவன் தலையை ஆட்டிவிட்டு, சீட்டின் நகலை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பின்னால் போனான். நான் வழங்கல் பதிவேட்டைத் திறந்தேன். உடுப்புக் கணக்கை முடித்து, அதற்குக் கீழே, எந்த விதியும் கேட்காத இன்னொரு கணக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தேவை நூற்றுப் பத்து. பழைய இருப்பு நாற்பத்தொன்று. புதிய வரவு பத்தொன்பது. வயது முடிந்து கழிவு ஒன்று. கையிருப்பு ஐம்பத்தொன்பது. பாக்கி ஐம்பத்தொன்று.